‘கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு

கட்டடங்களைப் படமெடுக்க மீடியம் ஃபார்மட் கேமரா வாங்குவோருக்கு இன்று தவறாமல் ஓர் அறிவுரை கிடைக்கிறது: “லென்ஸில் டிஸ்டார்ஷன் இருந்தால் என்ன? மென்பொருளில் ஒரு சொடுக்கு, கோடெல்லாம் நேராகிவிடும். கூர்மையை மட்டும் பாருங்கள்.” நிலக்காட்சி எடுப்பவருக்கு இது சரி. மலைமுகடு ஒரு சதவீதம் வளைந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? செங்கல் வரிசை வளைந்தால் எவருக்கும் தெரிந்துவிடும். எனவே இந்த அறிவுரையைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“திருத்துவதால் இழப்பில்லை.”
கணக்குப் போடலாம். ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் வரிசையின் சென்சார் 43.8 × 32.9 மி.மீ. நடுவிலிருந்து மூலைக்கு ஏறத்தாழ 27 மி.மீ. லென்ஸில் 3 சதவீதப் பீப்பாய் வளைவு இருந்தால், மூலையில் விழவேண்டிய புள்ளி 0.8 மி.மீ. உள்ளே தள்ளி விழும். 100 மெகாபிக்சல் சென்சாரில் அது 200 பிக்சலுக்கு மேல். அதை வெளியே இழுக்கும் மென்பொருள், இடைவெளிகளை அக்கம்பக்கப் பிக்சல்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது; ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படுகிறது. வைட் ஆங்கிள் லென்ஸ் மூலைகளில்தான் ஏற்கெனவே தடுமாறும். கூர்மைக்காகக் கொடுத்த காசு அங்கேதான் கரைகிறது.

“எல்லா லென்ஸுக்கும் புரொஃபைல் இருக்கிறதே.”
இருக்கிறது. ஆனால் லென்ஸின் வளைவை மென்பொருளுக்குச் சொல்லும் சாதாரணப் புரொஃபைல், லென்ஸின் மையமும் படத்தின் மையமும் ஒன்று என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. கட்டடக்கலைப் படப்பிடிப்பில் உயரமான கட்டடத்துக்காகக் கேமராவைத் தூக்குவதில்லை. அதை மட்டமாக நிறுத்தி, லென்ஸை மேலே நகர்த்துகிறோம். 2023-இல் வந்த ஃபுஜியின் 30 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை 15 மி.மீ. வரை நகர்த்தலாம். அப்படி நகர்த்தியதும் கட்டடத்தின் உச்சி, வளைவு மிகுந்த வெளிவட்டத்துக்குப் போய்விடுகிறது. அடித்தளம் மையத்தருகே நிற்கிறது. கீழே நேர்க்கோடு, மேலே வில். எவ்வளவு நகர்த்தினோம் என்று குறித்துவைத்து மென்பொருளுக்குச் சொன்னால்தான் திருத்தம் சரியாக அமையும். சொல்லாவிட்டால் திருத்தமே புதிய கோணலைச் சேர்க்கும்.

“சதவீதம் குறைவாக இருந்தால் போதும்.”
வளைவின் அளவோடு அதன் வடிவமும் முக்கியம். பீப்பாய் வளைவு ஒரே திசையில் வளைவதால் எளிதில் அடங்கும். நடுவில் ஒருபுறம் வளைந்து ஓரத்தில் எதிர்ப்புறம் திரும்பும் மீசை வளைவு, அரை சதவீதமே இருந்தாலும் ஜன்னல் வரிசையில் அலையாகத் தெரியும். ஒரே ஸ்லைடரைத் தள்ளி அதை நேராக்க முடியாது.

“வைட் ஆங்கிள் என்றாலே வளையும்.”
1954-லேயே பதில் வந்துவிட்டது. அவ்வாண்டு அறிமுகமான ஹாசல்பிளாட் சூப்பர்வைடில் லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த ஸைஸ் பயோகான் 38 மி.மீ. லென்ஸ் இருந்தது. 6×6 படச்சுருளில் மூலைவிட்டமாக 90 பாகையைப் பார்த்தும் அதன் கோடுகள் ஏறத்தாழ நேராகவே நின்றன. காரணம் சமச்சீர் அமைப்பு: முன்பாதி உண்டாக்கும் வளைவைப் பின்பாதி ஈடுசெய்துவிடும். அதற்குக் கொடுத்த விலை, பின்கண்ணாடி படச்சுருளை ஒட்டி நின்றதால் உள்ளே ரிஃப்ளெக்ஸ் கண்ணாடிக்கு இடமில்லை என்பதே. ரிஃப்ளெக்ஸ் கண்ணாடி வைத்த கேமராக்களுக்கு, லென்ஸைப் படத்தளத்திலிருந்து தள்ளி நிறுத்தும் ரெட்ரோஃபோகஸ் வழியில் லென்ஸ் செய்ய வேண்டியிருந்தது. அந்த வழியில் வளைவை அடக்குவது கடினம்.

இந்த வாதத்துக்குள் ஒரு குழப்பமும் இருக்கிறது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே குவிவது பார்வைக்கோணத்தின் விளைவு. ஓரத்திலுள்ள உருண்டை முட்டையாக நீள்வது, அகன்ற காட்சியைத் தட்டையான தளத்தில் விரிப்பதன் விளைவு. 45 பாகை தள்ளியுள்ள பொருள் ஆரவாக்கில் இரண்டு மடங்கு நீளும். வளைவே இல்லாத லென்ஸிலும் இரண்டும் உண்டு. இவற்றைக் காட்டி லென்ஸ் தேர்வையே வீண் என்பது பொருந்தாது.

“அப்படியானால் சமச்சீர் லென்ஸே போதுமே.”
எதிர்முனையில் நிற்கும் இந்த வாதமும் நிற்காது. சமச்சீர் லென்ஸின் ஒளி ஓரங்களில் சாய்வாக விழுவதால், டிஜிட்டல் சென்சாரில் நிறக்கறை படியும். ஷ்னைடர் 35 மி.மீ. லென்ஸை நகர்த்திப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய தொல்லை. பின்புறமிருந்து ஒளி பெறும் புதிய சென்சார்களில் இது குறைந்திருக்கிறது. பழைய டிஜிட்டல் பேக்குக்கு, கொஞ்சம் சீரான பீப்பாய் வளைவோடு வரும் ரெட்ரோஃபோகஸ் லென்ஸே மேல்.

ஆக, வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளிது. செங்கல் சுவருக்கு நேராகக் கேமராவை நிறுத்தி, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் தூரத்திலிருந்து, லென்ஸை அதன் எல்லைவரை நகர்த்தி எடுங்கள். பல மிரர்லெஸ் கேமராக்கள் திருத்திய படத்தைத்தான் திரையில் காட்டும் என்பதால், திருத்தம் இல்லாத கோப்பைத் திறந்து ஓரத்து வரிசையைப் பாருங்கள். அது நேராக இருந்தாலோ, ஒரே சீராக வளைந்திருந்தாலோ வாங்கலாம். நெளிந்தால், கூர்மை எவ்வளவு இருந்தாலும் கட்டட வேலைக்கு அந்த லென்ஸ் வேண்டாம்.