கோப்பி மண்டியும் எங்கட பிள்ளைகளின் முகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பெண் பிள்ளைகள் உள்ள உம்மாமார் நேரம் எடுத்து வாசியுங்கள். வாப்பாமாரும் வாசிக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை. 10ஆம் தரத்தில் முதலாம் பாடம் விஞ்ஞானம். முன் வாங்கில் இருந்த மூன்று பிள்ளைகளின் முகமும் செக்கச் செவேலென்று இருந்தது. ஒருத்திக்குக் கன்னத்தில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் நாள் மூவரும் ஒரு வீட்டில் கூடி, டிக்டொக்கில் பார்த்த கோப்பி ஸ்க்ரப் செய்திருக்கிறார்கள். கோப்பித்தூள், சீனி, தேசிக்காய்ப் புளி மூன்றையும் கலந்து பத்து நிமிடம் அழுத்தித் தேய்த்தார்களாம். "எரியலையா மகள்?" என்று கேட்டேன். "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அந்த வீடியோவுல சொன்னாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பாடவேளையில் தோலைப் பற்றியே பேசினேன். அதை இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் அதன் பிறகு நிறைய உம்மாமார் என்னிடம் வட்ஸ்அப்பில் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், கோப்பி போடலாமா, போடக்கூடாதா?"

போடலாம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

பதின்ம வயதில் முகத்தில் எண்ணெய் வடிவது அழுக்கினால் அல்ல. வயதுக்கு வரும்போது உடம்பில் சுரக்கும் ஹோர்மோன்கள், தோலுக்கு அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுகின்றன. அந்த எண்ணெயும் செத்த தோல் கலங்களும் சேர்ந்து மயிர்த் துவாரத்தை அடைக்கும்போது பரு வருகிறது. ஆகவே எண்ணெய் உள்ளே இருந்து வருகிறது. வெளியே எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தச் சுரப்பி நிற்கப் போவதில்லை. ஸ்க்ரப் செய்யக்கூடியது, மேலே ஒட்டியிருக்கும் செத்த தோலையும் பிசுபிசுப்பையும் எடுத்துவிடுவது மட்டும்தான். முகம் கொஞ்ச நேரத்துக்கு மிருதுவாகவும் தெளிவாகவும் இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

சீனியும் தேசிக்காயும் ஏன் கூடாது? சீனிக் கட்டிகளுக்குக் கூரான விளிம்பு உண்டு. உடம்புக்குப் பரவாயில்லை, முகத் தோலுக்கு அது அதிகம். தோலின் இயல்பான பி.எச். பெறுமானம் ஏறக்குறைய 5. தேசிக்காய்ப் புளியினுடையது ஏறக்குறைய 2. பி.எச். 5 இலிருந்து 2 என்றால் மூன்று மடங்கு அல்ல, ஆயிரம் மடங்கு அமிலம். சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும். அதோடு, தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து, பிறகு கருந்தழும்பாக நிற்கும். வெள்ளையாக வேண்டும் என்று பூசியது கறுப்பாக்கிவிட்டுப் போகும். பேக்கிங் சோடா, பல் விளக்கும் பற்பசை இரண்டும் இதே கணக்கில்தான். முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

சரி, வீட்டில் செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்.

நம்ம பக்கம் பல வீட்டுத் தோட்டங்களில் இன்னும் கோப்பி மரம் நிற்கிறது. 1869இல் இலைத் துரு நோய் வந்து, அதன் பின் பெரிய தோட்டங்கள் எல்லாம் தேயிலைக்கு மாறின. வீட்டு வளவில் நின்ற மரங்கள் மிஞ்சின. என் உம்மும்மா பழம் பறித்துக் காயவைத்து, மண் சட்டியில் வறுத்து, உரலில் இடிப்பார். அப்படி இடித்த தூளில் சுக்கும் கொத்தமல்லியும் மிளகும் சேர்ந்திருக்கும். அந்தத் தூள் குடிக்கத்தான், முகத்துக்கு வேண்டாம். சுக்கும் மிளகும் தோலில் எரியும். ஒன்றும் கலக்காத தனிக் கோப்பித்தூள் வேண்டும். நொடியில் கரையும் இன்ஸ்டன்ட் கோப்பியும் சரிவராது. தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், தேய்க்க ஒன்றும் இருக்காது.

கோப்பி ஊற்றிக் குடித்த பிறகு அடியில் நிற்கும் மண்டிதான் நல்லது. வெந்நீரில் ஊறி மிருதுவாகியிருக்கும், காசும் மிச்சம். சீனி போடுவதற்கு முன் எடுத்த மண்டியாக இருக்கட்டும். நன்றாக ஆறிய மண்டி ஒரு தேக்கரண்டி, புளிக்காத தயிர் ஒரு தேக்கரண்டி, இருந்தால் தேன் அரைத் தேக்கரண்டி. தூள் பரபரவென்று இருந்தால் துணியில் அரித்து நைசானதை மட்டும் எடுங்கள். தேங்காயெண்ணெய் சேர்க்காதீர்கள். எண்ணெய்ச் சருமத்தில் அது துவாரத்தை இன்னும் அடைக்கும்.

முதல் தடவை என்றால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சொறியவில்லை, சிவக்கவில்லை என்றால் முகத்துக்குப் போடலாம். ஈரமான முகத்தில், விரல் நுனியால், முட்டைக்கோதை உடையாமல் தடவுவது போல மெதுவாக, அரை நிமிடம் போதும். கண்ணைச் சுற்றி வேண்டாம். சாதாரணத் தண்ணீரால் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள். கிழமைக்கு ஒரு தரம் போதும். மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். ஈர மண்டி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். கழுவும் தொட்டியிலும் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். ரோசாச் செடிக்குப் போடுங்கள்.

சீழ் வைத்த பரு, சிவந்து வலிக்கும் பரு உள்ள முகத்தில் எந்த ஸ்க்ரப்பும் வேண்டாம். தேய்த்தால் வீக்கம் கூடும், தழும்பு நிற்கும்.

இன்னொரு விடயம். நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுழூச் செய்கிறோம், முகம் ஐந்து தரம் தண்ணீர் காண்கிறது. எண்ணெய்ச் சருமத்துக்கு இது பெரிய உதவி, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சில பிள்ளைகள் ஒவ்வொரு தரமும் சவர்க்காரம் போடுகிறார்கள். தோல் காய்ந்து இறுகி எரியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அதுவும் காரம் குறைந்த சவர்க்காரம் போதும். மற்ற வேளைகளுக்குத் தண்ணீரே போதும்.

இது வரைக்கும் பாடம். இனிச் சொல்லப் போவதுக்காகத்தான் இந்தப் பதிவு.

அன்று பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு, பின் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை. "டீச்சர், அந்தக் கோப்பி போட்டா வெள்ளையாகலாமா?" என்று கேட்டாள். இல்லை மகள், நிறத்தை அது மாற்றாது என்றேன். "அப்ப எனக்கு வேணாம் டீச்சர், நான் போடுறது நல்லம்" என்றாள். என்ன போடுகிறாள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்துக் காட்டினாள். யார் செய்தது, என்னென்ன சேர்ந்தது, எப்போது காலாவதி, ஒன்றும் எழுதவில்லை. நாலு மாதமாகப் போடுகிறாளாம். முதல் கிழமையிலேயே பருவும் போய் வெளுத்ததாம். ஒரு நாள் விட்டாலும் முகம் நெருப்பாக எரிகிறதாம்.

இப்படிப்பட்ட கிறீம்களில் பொதுவாக இரண்டில் ஒன்று இருக்கலாம். ஒன்று, வலுவான ஸ்டெரொயிட். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்றவை. வைத்தியர் ஒரு நோய்க்காக, அளவாக, சில நாளைக்குத் தரும் மருந்து அது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகத் தெரியும். விட்டவுடன் பருவும் சிவப்பும் முன்னையை விட மோசமாகத் திரும்பும். மற்றது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பூசியவரின் துவாய், தலையணை வழியாக வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் போகும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் எங்கள் நாடும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் பெயரில்லாத டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு அடையாளம் சொல்கிறேன். டப்பாவில் "தங்கம், வெள்ளி, நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் அதில் பாதரசம் இருக்கக்கூடும். கலமல், மேர்கியூரஸ் குளோரைட் என்ற பெயர்களும் பாதரசம்தான். சேர்பொருள் எழுதாத எதையும் வாங்காதீர்கள். விற்பதைக் கண்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், "உனக்கு ஏன் மகள் இது? வடிவான முகம்தானே?" அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "பரிசளிப்பு விழாவுக்குப் பூச்செண்டு குடுக்க நீங்களும் வெள்ளப் பிள்ளைகளத்தானே டீச்சர் எடுத்தீங்க."

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவள் சொன்னது உண்மை. வரிசையாக நிற்க வைத்து ஆறு பேரைத் தெரிவு செய்தது நான்தான். உயரம் பார்த்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உயரம் ஒன்றாக இல்லை, நிறம்தான் ஒன்றாக இருந்தது.

கறுத்தவரை விட வெளுத்தவருக்கு மேன்மை இல்லை, தக்வாவால்தான் மேன்மை என்பதை ஒவ்வொரு வருசமும் மீலாத் மேடையில் பிள்ளைகளைக் கொண்டு பேச வைக்கிறோம். பிலால் (ரழி) அவர்களின் கதையை மனப்பாடமாகச் சொல்ல வைக்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் பூச்செண்டு யார் கையில் கொடுக்கிறோம்?

என்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "யார்ட நிறம்?" கலியாணப் பேச்சில் "புள்ள வெள்ளையா?" என்று கேட்காத வீடு எத்தனை? மகனுக்குப் பெண் பார்க்கும்போது வாப்பாமார் "அதெல்லாம் பொம்புளைகள்ட வேல" என்று பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள் பேசாமல் இருப்பதால்தான் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. இதனால்தான் நீங்களும் வாசிக்க வேண்டும் என்றேன். அந்தப் பிள்ளையின் டப்பாவை வாங்கிக் கொடுத்தது அவளுடைய உம்மாதான். மகள் மீது பாசம் இல்லாமல் அல்ல. "இந்த நிறத்தோட எப்படிக் கரை சேர்க்கிற?" என்று ஒரு கலியாண வீட்டில் மாமி ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

அந்த உம்மாவோடு பேசினேன். பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். டப்பாவையும் கொண்டு போய்க் காட்டினார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இதையே செய்யுங்கள். ஸ்டெரொயிட்டை நீண்ட நாள் பூசியவர் எப்படி விடுவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். முதல் கிழமைகளில் அவள் முகம் இன்னும் மோசமாகி, சில நாள் பாடசாலைக்கு வரவில்லை. இப்போது மெல்ல மெல்ல ஆறி வருகிறது. அவளுடைய சொந்த நிறமும் திரும்பி வருகிறது. துஆச் செய்யுங்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் நான் ஒன்று கேட்டிருக்கிறேன். இனி எந்த விழாவுக்கும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்வோம் என்று. சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் வகுப்பில் அப்படித்தான் நடக்கும்.

விடுமுறை நாளில் மகளோடு குந்தியிருந்து கோப்பி குடித்துவிட்டு, அந்த மண்டியை அவள் முகத்தில் நீங்களே தடவி விடுங்கள். நல்ல விடயம். எண்ணெய்ப் பிசுக்கு போகும், பேசச் சந்தர்ப்பமும் கிடைக்கும். ஆனால் தடவும்போது "இப்பதான் கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் வேண்டாம்.