பட்டப்பெயரும் பொறுமையும்

பள்ளியில் தன்னைக் 'குண்டு' என்று கேலி செய்கிறார்கள் என அழுதுவரும் ஆறு வயதுப் பிள்ளையிடம் "ஸபூர் செய்" என்கிறோம். இல்லையேல் "திருப்பி அடி" என்கிறோம். இரண்டுமே நம் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழிகள். பொறுமை என்பது அநீதியின் முன் வாய்மூடி நிற்பதன்று. நிமிர்ந்து நின்று, "அப்படிக் கூப்பிடாதே" என்று உரக்கச் சொல்லவும், விலகிச் சென்று தோழர்களுடன் சேர்ந்துகொள்ளவும், ஆசிரியரிடம் தெரிவிக்கவும் வீட்டிலேயே நாம் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். ஒருமுறை போதாது. ஆசிரியரிடம் முறையிடுவது கோள் சொல்வதாகாது என்பதையும் பிள்ளை அறிய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தயங்குவது இங்கேதான்.

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அதை ஓதும் நம் வீடுகளில்தானே, விருந்துக்கு வந்த உறவினர் நம் மகளைக் 'கறுப்பி' என்றழைக்க, நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்?