விற்கக் கூடாத மணலும் புதிதாக வரும் தரகர்களும்

முதல் போடாமல் இறங்கக்கூடிய தொழில் என்று இளைஞர்களுக்கு இன்று சொல்லப்படுபவற்றில் நிலத் தரகும் ஒன்று. ஒரு செல்பேசி, ஒரு பைக், ஊரில் நாலு பேர் பழக்கம் இருந்தால் போதும் என்கிறார்கள். முதல் கமிஷன் கையில் வந்ததும் அதையே அட்வான்ஸாகப் போட்டு ஒரு மனையைப் பிடித்துவை, இரண்டு வருடத்தில் கைமாற்றிவிடு என்பது அடுத்த யோசனை. வேறு ஊர்களில் இது எப்படியோ போகட்டும். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்திலும் அதன் பக்கத்து மீனவக் குப்பங்களிலும், இந்தத் தகுதியோடு மட்டும் ஒருவர் நிலம் விற்க இறங்குவதை அரசு அனுமதிக்கக் கூடாது.

இந்தப் பகுதியில் நிலத்தின் மீது ஆசை வளர்ந்ததற்குக் காரணங்கள் வெளிப்படை. 2014 மத்திய பட்ஜெட்டில், சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் திறன்மிகு நகரங்களில் ஒன்றாகப் பொன்னேரி அறிவிக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. மீனவர்கள் அதை எதிர்த்து நிற்கிறார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புகள் ஒத்திவைக்கப்பட்டன. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுற்றுவட்டச் சாலை அமைகிறது. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக அறிவிக்கப்பட்டது. திட்டம் நிறைவேறுமா என்பது தெரிவதற்கு முன்பே, அதன் பெயரைச் சொல்லி மனை விற்றுவிட முடியும். விலையை ஏற்ற அறிவிப்பு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கரையில் ஒரு சர்வே எண்ணுக்குள் எத்தனை சட்டங்கள் அடங்கியிருக்கின்றன என்று புதிய தரகரிடம் யாரும் சொல்வதில்லை. ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, சரணாலயமாக்கும் அறிவிக்கை வந்தபின் அதன் எல்லைக்குட்பட்ட நிலத்தில் வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ தவிர எவரும் புதிதாக உரிமை பெற முடியாது. அங்கே கிரயப் பத்திரம் எழுதினாலும், வாங்கியவருக்குக் கிடைப்பது வழக்குதான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு வகை. அவை விற்பனையைத் தடுப்பதில்லை, கட்டுவதைத் தடுக்கின்றன. 2019 அறிவிக்கையின்படி, கடலோரக் கிராமங்களில் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் இருந்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், இல்லையென்றால் 200 மீட்டரும் கட்டுமானத்துக்கு ஆகாத பகுதி. பழவேற்காட்டில் உள்ள டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். ‘ஏரி தெரியும் மனை’ என்று காட்டப்படும் இடத்தில் வீடு கட்ட முடியாமலே போகலாம் என்பதை வாங்குகிறவர், பெரும்பாலும், பணம் கட்டிய பிறகே அறிகிறார்.

இவையாவது எழுதப்பட்ட சட்டங்கள். எங்களை அதிகம் கவலைப்படுத்துவது எழுதப்படாத உரிமைகள்தான்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறைகளாகப் ‘பாடு’ முறையைக் காத்துவருகின்றன. ஏரியில் இறால் பிடிக்க எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் முறைவைத்துத் தீர்மானிக்கிறது. தலைக்கட்டு என்ற ஊர் உறுப்பினர் கணக்கில் இடம்பெற்றவருக்கே முறை உண்டு. நல்ல இடத்தை வசதியுள்ளவர் ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். மீன்வள ஆய்வாளர்கள் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதில் குறைகளும் உண்டு. பாடு முறைக்கு வெளியே நிற்கும் சமூகங்களுக்கும் இந்த ஊர்களுக்கும் இடையே தகராறுகள் வந்திருக்கின்றன. ஆனாலும் சொத்துரிமை என்றால் என்ன என்பதை இந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து வந்து எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் உரிமை இருக்கிறது, பட்டா இல்லை.

கரையிலும் அதே நிலைதான். படகு ஏற்றி வைக்கும் மணல், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயும் இடம், கடலுக்கு இறங்கும் பாதை எல்லாம் ஊருக்குப் பொது. கிராமக் கணக்கில் இவை புறம்போக்கு என்றோ, என்றைக்கோ யார் பெயரிலோ ஏறிப்போன பட்டா என்றோ இருக்கும். சிட்டாவும் அடங்கலும் மட்டுமே பார்க்கத் தெரிந்த தரகருக்கு அது காலி இடம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு, பண்ணை வீடுகளும் சொகுசு விடுதிகளும் கரையை அடைத்துக்கொண்டு மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி சுருங்கியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புது வீடு பெறுகிறவர்கள் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாணை 172 சொன்னது. கரையை விட்டு மீனவர்களை நகர்த்தும் ஏற்பாடு பாதுகாப்பின் பெயரிலும் நடக்கும், வளர்ச்சியின் பெயரிலும் நடக்கும். நிலச் சந்தை மூன்றாவது வழியாகிவிடக் கூடாது.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. பொய் வாக்குறுதி தரக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 9ஆம் பிரிவு பேசுவது, ஆணையத்தில் பதிவான திட்டங்களின் மனைகளையும் வீடுகளையும் பற்றி மட்டுமே. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைப்பிரிவுக்குத் திட்டப் பதிவே தேவையில்லை. ஒரு குடும்பம் தன் அரை ஏக்கரை விற்கும்போது நடுவில் நிற்கும் தரகரை இந்தச் சட்டம் தொடுவதில்லை. ஏரிக்கரையில் ஆபத்து அத்தகைய விற்பனைகளில்தான் அதிகம்.

பத்திரப் பதிவும் காவல் அல்ல. நிலத்தின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று சொல்லி, மூலப்பத்திரம் கேட்க வழிசெய்த தமிழ்நாட்டின் 55-அ(i) விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. ‘ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனிமே பயமில்லை’ என்று பார்ட்டியிடம் சொல்லும் தரகர் தனக்கே தெரியாமல் பொய் சொல்கிறார்.

சிறுமுதலீட்டாளருக்கும் ஒரு கணக்கு. பத்திரத்தில் 10 லட்சம் ரூபாய் காட்டி வாங்கும் மனைக்கு முத்திரைத்தாள் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 90,000 ரூபாய். வாங்கும்போதும் விற்கும்போதும் 2 விழுக்காடு கமிஷன் என்றால் இன்னொரு 40,000. வட்டியைச் சேர்க்காமலே விலை 13 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். கட்டத் தடையுள்ள மனையை அந்த விலைக்கு வாங்க அடுத்தவர் கிடைப்பாரா என்று அவர் யோசிக்க வேண்டும்.

எங்கள் கருத்துக்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மீன் வரத்து குறைந்துவருவதாக மீனவர்களே சொல்லும்போது, நிலத்தின் விலையேற்றத்திலாவது அவர்களுக்குப் பங்கு கிடைக்க வேண்டாமா? வெளியூர்த் தரகர் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு லாபத்தை அள்ளிப்போவதைவிட, உள்ளூர்ப் பையன் ஒருவன் நின்று நல்ல விலை பேசித் தருவது மேலல்லவா? மேல்தான். நத்தத்தில் முறையான பட்டா வைத்திருக்கும் குடும்பம் தன் வீட்டை நல்ல விலைக்கு விற்கும் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை. உள்ளூர் இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதை வரவேற்கவும் செய்கிறோம். பொதுத் திடல் எது, தனி மனை எது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்குச் சட்ட மதிப்பு தராமல், கமிஷனை மட்டும் காட்டி அவர்களை இழுப்பதையே எதிர்க்கிறோம்.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது இது. நிலம் விற்க வாங்க இடைநின்று கமிஷன் பெறும் எவரும், திட்ட மனையோ தனி நிலமோ, பதிவுபெற்றவராக இருக்கும்படி தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்ற வேண்டும். பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும். மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஆணையம் 2023இல் முகவர்களுக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. இங்கே அதைச் செய்வதற்குத் தடை ஏதுமில்லை. கடலோர மாவட்டங்களில் அந்தப் பயிற்சி கடற்கரை விதிகளையும் சரணாலய எல்லைகளையும் மீனவர்களின் பொதுவிடங்களையும் கற்றுத்தர வேண்டும்.

அடுத்தது வரைபடம். மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் சர்வே எண் அளவிலான வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை மண்டல அறிவிக்கையே சொன்னது. மீனவர் அமைப்புகள் இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அதிகாரிகள் அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போடாமல், ஊர்ப் பஞ்சாயத்தாரோடு கரையில் நடந்து அந்த இடங்களைக் குறிக்க வேண்டும். ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் கேட்டால், அது சரணாலய எல்லைக்குள் வருகிறதா, கட்டத் தடையுள்ள பகுதியா, ஊர்ப் பொதுவிடமா என்பதும் அதே தாளில் வர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டதும், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதைப் பதிவுத் துறை நிறுத்திக்காட்டியது. இன்னொரு நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்தே இந்த வேலையை அரசு தொடங்கலாம்.