சிறு கீறலுக்கும் தடுப்பூசி ஏன்? ரேபிஸ் வைரஸின் மேற்புரதம் தரும் விடை

தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணைகள் பிறப்பித்தது முதல், விவாதம் நாய்களைச் சுற்றியே நடைபெறுகிறது. கடிபட்டவரின் உடலில் நிகழ்வது குறைவாகவே பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் 2024இல் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு உள்ளாயினர். 43 பேர் ரேபிஸால் இறந்தனர். எனினும் வண்டியூர்ப் பகுதியில் இன்றும் கேட்கப்படும் கேள்வி, “சிறு கீறல்தானே, இதற்கும் ஊசியா?” என்பதே.

ரேபிஸ் வைரஸின் மேற்பரப்பில் முட்களைப் போல் நிற்பது ஜி-புரதம். உமிழ்நீர் வழியே உடலுள் நுழையும் வைரஸ், இப்புரதத்தைக் கொண்டே நரம்பு முனையைப் பற்றி, நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்கிறது. இதன் 333ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் என்னும் ஒரே அமினோ அமிலம் மாறினால், வளர்ந்த எலிகளைக் கொல்லும் ஆற்றலை வைரஸ் இழப்பது ஆய்வக வகைகளில் கண்டறியப்பட்டுள்ளது. தெருநாய் பரப்பும் வைரஸிடம் அத்தகைய தளர்ச்சியை எதிர்பார்க்க இயலாது. காயம் சிறியதாயினும் நோய் சிறியதன்று; அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. தலை, முகம், கழுத்து, விரல்கள் ஆகியவற்றில் கடிபட்டால் ஆபத்து மேலும் கூடும்.

காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு சிதைக்கும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். தடுப்பூசியால் ஜி-புரதத்திற்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாக ஏழு முதல் பதினான்கு நாள்கள் ஆகலாம். இரத்தம் கசிந்த கடியெனில், அந்த இடைவெளியைக் காக்க இம்யூனோகுளோபுலின் காயத்திலேயே செலுத்தப்படும். வலிக்கும்தான், மறுக்காதீர்கள். தோலுக்குள் இடப்படும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28ஆம் நாள்களில் வரவேண்டும். நாய் நலமாக உள்ளது என்று பிறர் சொல்லக் கேட்டு, மருத்துவரைக் கேளாமல் தவணையை நிறுத்தாதீர்கள்.