ரூட்டரைப் பூட்டியது யாருக்காக?

முடிவில் மாற்றம் இல்லை என்று ரூட்டர்களைப் பூட்டிய இணையச் சேவை நிறுவனம் மறுபடியும் சொல்லிவிட்டது. வீட்டு ரூட்டர்களில் எந்த வேலைக்கு முதலிடம் என்று நாமே குறித்துவைத்திருந்த பக்கம், மென்பொருள் புதுப்பிப்போடு காணாமல் போனது போனதுதான். நிர்வாகக் கடவுச்சொல் இனி வாடிக்கையாளருக்குக் கிடையாது. சொந்த ரூட்டர் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டவர்களுக்குத் தந்துவந்த பிரிட்ஜ் மோடும் நின்றது. குவிந்த புகார்களுக்கெல்லாம் ஒரே பதில்: வேகம் போதவில்லை என்றால் பெரிய பிளானுக்கு மாறுங்கள்.

புகார் கொடுத்தவர்கள் வேகம் போதவில்லை என்று சொல்லவே இல்லை. பேச்சு அறுந்துபோகிறது என்றுதான் சொன்னார்கள். இரண்டும் வேறுவேறு என்பது நெட்வொர்க் நடத்துகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

மாதக் கோட்டா தீர்ந்து 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்ட ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு குரல் அழைப்புக்கு 90 கேபிபிஎஸ் தாராளம். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. இருந்தும் பேச முடியவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய மகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் செல்பேசி வைஃபையைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே எடுத்த வீடியோக்கள் கிளவுடில் ஏறத் தொடங்குகின்றன. யாரும் எதையும் அழுத்தவில்லை. உள்ளறையில் சிங்கப்பூரிலிருக்கும் கணவரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அதன்பின் "ஹலோ, கேக்குதாங்க?" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது.

நடப்பது இதுதான். வெளியே போக வேண்டிய தரவெல்லாம் ரூட்டரில் ஒரு வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையில் 256 கேபி தேங்கினால், 2 எம்பிபிஎஸ் இணைப்பில் அது கரையவே ஒரு விநாடி ஆகும். தபால் நிலையத்தில் ஒரே ஒரு தபால்தலை வாங்க வந்தவர், மூட்டை மூட்டையாகப் பார்சல் கொண்டுவந்தவருக்குப் பின்னால் நிற்பது போன்ற நிலை. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஒரு விநாடித் தாமதத்தில் உரையாடல் என்று ஒன்று இல்லை. பெரிய பிளானுக்கு மாறினால் வரிசை சற்று வேகமாகக் கரையும், அவ்வளவுதான். கிடைக்கிற இடத்தை நிரப்பிப் பார்த்து, நெரிசல் வந்த பிறகே பின்வாங்குவது இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி முறையின் இயல்பு.

நீக்கப்பட்ட அந்தப் பக்கம் இதைத்தான் தடுத்துவந்தது. அப்லோடு வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்துக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கீழே நிறுத்திக்கொண்டால், தேக்கம் நம் கைக்கு எட்டாத பெட்டியில் சேராமல் நம் ரூட்டரிலேயே நிற்கும். அங்கே குரலுக்கு முதலிடம், அலுவலக லேப்டாப்புக்கு அடுத்தது, கிளவுடுக்குக் கடைசி என்று வகுத்துவிடலாம். இவ்வளவு சொல்லிக்கொடுத்தால் பள்ளிப் பிள்ளை செய்துவிடும்; பல வீடுகளில் செய்தும் வைத்திருந்தார்கள். அதுகூட வேண்டாத வழியும் இருக்கிறது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் முறையை 2012-இல் வெளியிட்டார்கள். அதன்மேல் எழுந்த எஃப்கியூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆகப் பதிவாகிவிட்டது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. இதைச் சேர்க்க வேண்டியவர்கள், இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பாதுகாப்புக்காகவே பூட்டினோம் என்கிறார்கள். 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய கடவுச்சொற்களை வைத்து லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது உண்மை. அதற்கான தீர்வு ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல் தருவது. வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவது தீர்வாகாது.

அடுத்து அவர்கள் சொல்லும் காரணம்தான் கோபத்தைக் கிளறுகிறது. இணையச் சமத்துவ விதிகளின்படி ஒரு தரவுக்கு மட்டும் முன்னுரிமை தரக் கூடாதாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடுத்தது, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்குவதை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற விதிகள் கட்டுப்படுத்துவது, சேவை தரும் நிறுவனங்களை. தன் வீட்டுக்குள் எது முதலில் போக வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்வதை இந்த நாட்டில் எந்த விதியும் தடுக்கவில்லை. வாடிக்கையாளரைக் காப்பதற்காகப் பல லட்சம் பேர் மின்னஞ்சல் அனுப்பிப் போராடிப் பெற்ற விதியை, அதே வாடிக்கையாளருக்கு எதிராகத் திருப்புவது நேர்மையற்ற செயல்.

2020 மார்ச்சை இவர்கள் மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. ஊரடங்கு தொடங்கியபோது, முக்கியமான வேலைகளுக்கு இடம் வேண்டும், வீடியோவின் தரத்தைக் குறையுங்கள் என்று வீடியோ தளங்களைக் கேட்டுக்கொண்டது செல்பேசி நிறுவனங்களின் சங்கம்தான். செல்பேசி இணைப்புகளில் 480பி தரத்துக்கு மேல் காட்டுவதில்லை என்று தளங்களும் ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. நாட்டுக்கு அன்று நியாயமாகப் பட்டது, ஒரு வீட்டுக்கு இன்று எப்படிக் குற்றமாகும்?

இது இவர்களின் முதல் கைவரிசையும் அல்ல. கோட்டா தீர்ந்தால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதை விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டவர்கள் இவர்கள். பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ் என்றிருந்த காலம் முழுவதும் அந்த விளிம்பிலேயே நின்று கொண்டார்கள். 2023 ஜனவரியில் அரசு அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கிய பிறகே அசைந்தார்கள். தங்கள் செயலியில் வைத்த வேகச் சோதனையைத் தங்கள் சர்வரோடு மட்டும் அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று புகார்களை மூடினார்கள். கேபிள் அறுந்து நான்கு நாள் தெருவே இருண்டபோதும், ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்றுதான் வாடிக்கையாளர் சேவையில் சொல்லவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் பழி வாடிக்கையாளர் தலையில். ஒவ்வொரு முறையும் விடை, இன்னும் கொஞ்சம் பணம். பெரிய பிளான் விற்க வேண்டும் என்பதற்காகவே சின்னப் பிளானைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்குகிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தால், அதை எழுப்பியவர்கள் அவர்களேதான்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரூட்டரை வைத்துக்கொள்வது என்பது வாடிக்கையாளரின் சட்டப்பூர்வ உரிமை. அங்கே நெட்வொர்க் இடிந்து விழுந்துவிடவில்லை. இங்கே மாத வாடகையோ முன்பணமோ கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட அனுமதி இல்லை.

நீக்கிய பக்கத்தை நிறுவனம் உடனே திரும்பத் தர வேண்டும். தானாகத் தராது என்பது இத்தனை ஆண்டு அனுபவம். வீட்டு ரூட்டர் மீது வீட்டாருக்கு உள்ள உரிமைக்கு உறுதியான ஏற்பாடு ஒன்றை டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் செய்தாக வேண்டும். அடுத்த புதுப்பிப்பு வந்து இருப்பதையும் கொண்டுபோகும் வரை காத்திருக்க இதில் எதுவும் இல்லை.