தகவமைப்பு என்ற சொல்லுக்குள் நிற்கும் பையன்

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இத்துறையில் இப்போது எங்கு திரும்பினாலும் காதில் விழும் சொல் 'தகவமைப்பு'. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் வித்தையை மேய்ப்பர்களிடம் உலகம் கற்க வேண்டுமாம். கற்கத்தான் வேண்டும். ஆனால் மந்தைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கற்க முடியாது.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கீதாரிகள் மழை பொய்க்கும் மண்ணில் ஆடு வளர்த்தவர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் காவிரிப் படுகைக்கு வருவார்கள். பகலில் அறுத்த வயலில் மேய்ச்சல், இரவில் அதே வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் கிடைக்கூலி தருவார். சொந்த ஊரில் புல் காய்ந்தால் சீமைக்கருவேல நெற்று இருக்கிறது. இன்று அறுவடை நேரத்தில் மழை கொட்டுகிறது. ஈரம் கூடினால் நீலநாக்கு நோய் மந்தையைச் சாய்க்கிறது. பாதையை மாற்றுகிறார்கள், ஆடுகளை லாரியில் ஏற்றுகிறார்கள், மந்தையைப் பிரித்து உறவுக்காரர்களிடம் விடுகிறார்கள்.

நிலமும் சுருங்குகிறது. கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிறது. பதிவேட்டில் தரிசு என்று எழுதப்படுவது ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் காடு என்பது இத்தகைய திட்டங்களின் கணக்கில் வருவதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. ஆனாலும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. பிறகுதான் அந்தத் தடை பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் அளவுக்குச் சுருங்கியது.

இவையெல்லாம் என் ஆய்வேட்டில் இருக்கின்றன. இல்லாதது ஒன்று உண்டு. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிடையில் கீதாரி ஒருவர் ஒரு மணிநேரம் பேசினார். "முன்னெல்லாம் சீக்கிரம் ஊருக்குத் திரும்பிருவோம் தம்பி. இப்ப வருசத்துல பாதிக்கு மேல வெளியதான். எங்க பிள்ளைக பள்ளிக்கூடம் போகுதுக, ஆளு வேணும்ல." எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் குட்டிகளைக் கூண்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்த பையனிடம் பெயர்கூடக் கேட்கவில்லை என்பது விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. பத்து, பதினொரு வயது இருக்கும்.

அந்த 'ஆள்' பெரும்பாலும் சேரியிலிருந்தோ இருளர் குடியிருப்பிலிருந்தோ வருகிறான். கஜா புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கடனுக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவன் மீட்கப்பட்டது செய்தியானது. 2025இல், கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்கப் பிடித்துவைக்கப்பட்ட ஆந்திர யானாதிப் பழங்குடிச் சிறுவனின் உடல் காஞ்சிபுரத்தில் தோண்டியெடுக்கப்பட்டது. புயல் ஒரு குடிசையைப் பிரித்துப்போடுகிறது. முன்பணத்தோடு ஒருவர் வருகிறார். கடனாளியின் பிள்ளை இன்னொருவரின் தகவமைப்பாகிறான்.

கீதாரியை வில்லனாக்குவது எளிது. அவருக்கும் நிலம் கிடையாது. வயல்காரர் வீட்டுத் திண்ணையில் அவருக்கும் இடமில்லை. ஆனால் தனக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொள்ள இந்தச் சமூகம் அவருக்கு அனுமதி தருகிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு என்பது இதுதான்.

ஆகவே மேய்ச்சல் உரிமையும் ஆட்டுக் காப்பீடும் கேட்கும் நாம், அதே மனுவில் கிடை ஆட்களின் பதிவையும் குறைந்தபட்சக் கூலியையும் கேட்க வேண்டும். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படியான கண்காணிப்புக் குழுக்கள் அறுவடைக் காலத்தில் கிடைகளுக்கு நேரில் போக வேண்டும். மீட்கப்படும் பிள்ளைக்கு விடுதலைச் சான்றிதழ் உடனே தரப்பட வேண்டும். புயல் நிவாரணம், முன்பணக்காரர் வந்து சேர்வதற்கு முன்பே அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும்.