106-க்கு ஏழு

சேலம் பக்கத்து வீடுகளில் கிரிக்கெட் பேச்சு எங்கே தொடங்கினாலும் சின்னப்பம்பட்டி நடராஜனிடம்தான் போய் நிற்கும். நெசவுத் தொழிலாளியின் மகன் 2021 ஜனவரியில், பிரிஸ்பேனில், தம் முதல் டெஸ்டிலேயே மூன்று விக்கெட் எடுத்தது சாமானியமா?

என் கவலை வேறு. ரஞ்சிக் கோப்பை நம் அணிக்குக் கிடைத்தது இரண்டே தடவை: சென்னை அணியாக இருந்தபோது 1955-ல், பிறகு 1988-ல். அவ்வளவுதான்! இருபது ஓவர் ஆட்டமென்றால் பிள்ளைகள் புலிகள். 2021 நவம்பரில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தை ஷாருக் கான் (சினிமாக்காரர் அல்ல, நம் சென்னைப் பிள்ளை) சிக்ஸருக்குத் தூக்கிக் கோப்பையை வாங்கித் தரவில்லையா?

ஆனால் 2024 மார்ச்சில் மும்பையில் நடந்த ரஞ்சி அரை இறுதியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. காப்டன் சாய் கிஷோர் சுழற்பந்தால் ஆட்டிவைக்க, மும்பை 106-க்கு ஏழு விக்கெட். இனிக் கவலையில்லை என்று ரேடியோவை மூடாத குறைதான். எட்டாவது விக்கெட் விழுவேனா என்றது. ஷார்துல் தாக்குர் 109 அடித்தார். மும்பை 378-க்குப் போயிற்று. நாம் முதலில் எடுத்தது வெறும் 146. ஆகவே பழி முழுவதும் பந்து வீசியவர்கள் தலையில் அல்ல.

இருந்தாலும், கடைசி ஆட்டக்காரர்களின் காலடியைக் குறிபார்த்து வீச ஓர் ஆள் வேண்டாமா? நடராஜனையே கூப்பிடலாம் என்பீர்கள். அவர் முழங்கால் 2021-லேயே கத்தியைக் கண்டது. நாள் முழுதும் வீசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023-ல் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்தாரே, என் கண் அந்தப் பையன்கள் மேல்தான்.